அதிகாரிக்குச் சொன்ன கதை பேரனுக்குத் தெரியாது

கடந்த சில ஆண்டுகளாக எமது சபைகளில் அடக்க ஆராதனைகள் கூடிக்கொண்டு வருகின்றன. 1980களில் இருபது, முப்பது வயதில் கனடாவில் வந்து இறங்கியவர்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஆராதனையிலும் குடும்பத்தார் ஒருவர் எழுந்து நினைவுரை வாசிக்கிறார். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், திருமணமான ஆண்டு, வேலை செய்த இடம், பிள்ளைகளின் பெயர்கள், பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கை என்று வரிசையாக வந்து, ‘அன்பான கணவர், பாசமுள்ள அப்பா, அருமையான அப்பப்பா’ என்று முடியும்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கவனமாகக் கேட்டுப் பாருங்கள். ‘1984இல் நாட்டை விட்டுப் புறப்பட்டார். 1987இல் ரொறன்ரோவில் குடியேறினார்.’ இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் மூன்று ஆண்டுகள் காணாமல் போயிருக்கும். அந்த மனிதரின் வாழ்க்கையில் மிகப் பெரிய சாகசம் நடந்தது அந்த மூன்று ஆண்டுகளில்தான். அதைத் தெரிந்தவர் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். வாசிக்கிற மகனுக்கு அது தெரியாது. முன் வரிசையில் இருக்கிற பேரனுக்கு, அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

அந்த மூன்று ஆண்டுகளை அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கவேண்டும், அதைச் செய்யவேண்டியவர்கள் வாலிபர்களாகிய நாம்தான் என்பது எமது கருத்து.

சாகசம் என்றதும் மலை ஏறியவர்களும் கடல் கடந்து புதிய நாடு கண்டவர்களும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். எமது வீட்டுச் சோபாவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு செய்தி பார்க்கிறவரை அந்தப் பட்டியலில் நாம் சேர்ப்பதில்லை. அவர் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் ஜேர்மனி இரண்டாகப் பிரிந்திருந்தது. எமது ஆட்கள் பலர் கிழக்கு ஜேர்மனியின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள். கடந்து போவதற்கான விசாவைக் காட்டி கிழக்கு பேர்லினுக்குள் போய், பிரீட்ரிக் வீதி நிலையத்தில் ரயில் ஏறி, மேற்கு பேர்லினில் போய் இறங்கினார்கள். பேர்லின் மதிலை ஒரு நாட்டு எல்லையாக மேற்கு ஜேர்மனி ஏற்றுக்கொள்ளாததால், அந்தப் பக்கத்தில் எல்லைச் சோதனை இருக்கவில்லை. 1986 ஒக்டோபரில் கிழக்கு ஜேர்மனி விசா விதியை இறுக்கிய பிறகுதான் இந்த வழி அடைபட்டது. உலகமே பார்த்துப் பயந்த மதிலை, பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் இருந்து போன பெடியன்கள் ஒரு ரயில் டிக்கெட்டோடு கடந்தார்கள். ஜேர்மன் மொழியில் ஒரு சொல் தெரியாது. குளிருக்கு ஏற்ற சப்பாத்தும் இல்லை.

அவர்களில் சிலர் அங்கிருந்து இன்னும் தூரம் போனார்கள். 1986 ஒகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், கஸ் டால்டன் என்ற மீனவத் தலைவர் தன் ‘அட்லாண்டிக் ரீப்பர்’ படகில் போகும்போது, இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதப்பதைக் கண்டார். அவற்றுக்குள் நெருக்கிக்கொண்டு 155 தமிழர்கள் இருந்தார்கள். மேற்கு ஜேர்மனியில் அவர்களை ஏற்றிய கப்பல், கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கிட்டத்தட்ட மூன்று நாட்கள் அப்படியே மிதந்திருக்கிறார்கள். கரை சேர்ந்து விசாரித்தபோது, இந்தியாவில் இருந்து வருகிறோம் என்று முதலில் சொன்னார்கள். ஜேர்மனியில் இருந்து புறப்பட்டது பிறகுதான் வெளியே வந்தது. அப்படியிருந்தும் கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஓராண்டு தங்கவும் வேலை செய்யவும் அமைச்சரின் அனுமதி கொடுத்தது.

முதலில் வேறு கதை சொன்னதற்காக அவர்களைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. சோதனைச் சாவடியில் ஒரு பதில், விமான நிலையத்தில் ஒரு பதில், ஏஜென்சிக்காரர் சொல்லிக்கொடுத்த பதில் இன்னொன்று. வாய் திறந்தால் ஆபத்து என்று பழகிய தலைமுறை அது. ஆபத்துப் போய் நாற்பது வருடமாகப் போகிறது. பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் அவர்கள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். அகதி என்று விண்ணப்பித்தவரின் வார்த்தை நம்பத்தக்கதா என்பது கேள்வியாகும்போது, அவரை நேரில் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பளித்தது. 1989இல் அகதிச் சபை செயற்படத் தொடங்கியது. அதன் பிறகு விண்ணப்பித்த பலர், ஒரு படிவத்தில் தங்கள் கதையை ஊர், திகதி, பெயர் எல்லாவற்றோடும் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத அதிகாரி ஒருவருக்கு முன்னால் அதைச் சொன்னார்கள். அந்தப் படிவத்தின் பிரதி இன்றைக்கும் சில வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில், பழைய பாஸ்போட்டோடு ஒரு கவருக்குள் இருக்கிறது. அரசாங்க அதிகாரிக்குத் தெரிந்த கதை, அதே வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது.

‘தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று பெரியவர்கள் கேட்கலாம். தாதிகளாக வேலை செய்கிற எமக்கு இதில் சொல்ல ஒரு விஷயம் உண்டு.

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் கோப்பைத் திறந்தால் வயது, வியாதி, மருந்துகள், ஒவ்வாமை எல்லாம் இருக்கும். அவர் யார் என்பது இருக்காது. ஞாபகமறதி நோய் வந்தால் பொதுவாக அண்மையில் நடந்ததுதான் முதலில் அழியும். வாலிப வயதில் நடந்தது நெடுநாள் நிற்கும். பிந்திப் படித்த ஆங்கிலம் நழுவி, தமிழ் மட்டும் மிஞ்சுவதும் உண்டு. அந்த நிலையில் ஒரு முதியவர் கட்டிலில் கிடக்கும்போது, மேலே அம்புலன்ஸ் ஹெலிகொப்டர் இறங்குகிறது. அவர் கட்டிலுக்குக் கீழே போகப் பார்க்கிறார். கதை தெரியாதவர்கள் ‘குழப்பம், அமைதியின்மை’ என்று எழுதுவார்கள். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய மனிதர் என்று தெரிந்த தாதி, ஜன்னலை மூடி, கையைப் பிடித்து, ‘ஐயா, இது ஆஸ்பத்திரி ஹெலி. நோயாளியைக் கொண்டு வருது’ என்று சொல்லுவாள். தலையணைக்குக் கீழே பாண் துண்டை ஒளித்து வைக்கிறவருக்கும், பேக்கரியில் இருபது வருடம் இரவு வேலை செய்த பழக்கத்தில் அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி உடுப்பு மாற்றுகிறவருக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைச் சொல்லக்கூடியவர்கள் குடும்பத்தார் மட்டும்தான். அவர்களுக்கும் தெரியாவிட்டால், யாரிடம் போய்க் கேட்பது?

இது வெறும் அனுபவப் பேச்சு மட்டும் அல்ல. முதியவர்கள் பழங்கதை பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்று முன்பு நினைத்தார்கள். அது தன் வாழ்வைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்துகிற இயல்பான வேலை என்று ரொபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் எழுதினார். வின்னிபெக் நகரில் மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரித்த மருத்துவர் ஹார்வி சொச்சினோவ், அதை ஒரு சிகிச்சை முறையாகவே அமைத்தார். நோயாளியிடம் சில கேள்விகள் கேட்டு, பதிலைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, அவருக்கே வாசித்துக் காட்டி, திருத்தி, அவர் விரும்புகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் அந்த முறை. 2005இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 100 நோயாளிகள் பங்குபற்றினார்கள். 76 சதவீதத்தினர் தங்கள் கண்ணியம் கூடியதாக உணர்ந்தார்கள். தங்கள் குடும்பத்துக்கு அது உதவியது அல்லது உதவும் என்று 81 சதவீதத்தினர் சொன்னார்கள். கேட்பது எமக்கு மட்டும் லாபமல்ல, சொல்லுகிறவருக்கும் அது ஆறுதல்.

ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. ‘அப்பப்பா, உங்கட லைஃப் ஸ்டோரியைச் சொல்லுங்கோ’ என்று போனை முகத்துக்கு முன்னால் நீட்டினால், ‘என்னத்தைச் சொல்ல, எல்லாரும் மாதிரித்தான்’ என்று முடித்துவிடுவார். சின்னதாகக் கேளுங்கள். வெளிக்கிட்ட அன்று பையுக்குள் என்ன இருந்தது? ஏஜென்சிக்காசு எப்படிச் சேர்ந்தது? ரயிலில் பக்கத்தில் யார் இருந்தது? முதல் சினோ விழுந்த அன்று காலில் என்ன போட்டிருந்தீர்கள்? முதல் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள்? பொருளைப் பற்றிக் கேட்டால், மனிதர் தானாக வருவார்.

காலையில் கேளுங்கள், மாலையில் களைத்திருப்பார். காதுக்கருவி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் போதும், இன்னொரு நாள் தொடரலாம். உங்கள் தமிழ் உடைந்த தமிழாக இருந்தாலும் பரவாயில்லை, தமிழிலேயே கேளுங்கள். திகதி பிழை என்று இடைமறிக்க வேண்டாம். கடைசியில் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘இதை வெட்டிவிடு’ என்றால் வெட்டிவிடுங்கள், அந்த உரிமை அவருடையது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லுகிறோம். எல்லாக் கதவையும் தட்டக்கூடாது. தடுப்பு முகாமில் இருந்தவர்கள், அடிபட்டவர்கள், கண் முன்னே உறவைப் பறிகொடுத்தவர்கள் எமது சபையில் இருக்கிறார்கள். கை நடுங்கினால், மூச்சு வேகமானால், பேச்சு நின்றுபோனால், நிறுத்திவிடுங்கள். ஒரு தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். இரவில் நித்திரை குழம்பினால் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் விடுவதும் அவருடைய கதையின் ஒரு பகுதிதான்.

கணவருடைய சாகசத்தை எழுதும்போது மனைவியை விட்டுவிடாதீர்கள். அப்பப்பா பேர்லினில் ரயில் ஏறியபோது, அப்பம்மா தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு ஊரில் இருந்தா. ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், பிள்ளைகளுக்கு ‘அப்பா வருவார்’ என்று தினமும் சொன்னா. இப்படி இருந்த வீடுகள் எமது சபையில் ஒன்றிரண்டல்ல. இருவரையும் ஒன்றாக இருத்திக் கேட்டால், ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்லுவார். சில சமயம் நாற்பது வருடத்தில் முதல் முறையாக, ஒருவர் மற்றவருடைய பாதியைக் கேட்பார்.

‘கள்ளப் பாஸ்போட், ஏஜென்சி, கோப்பை கழுவினது, இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற கதையா?’ என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் மறைப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2010 ஒகஸ்டில் ‘சன் சீ’ கப்பல் 492 தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது, ‘இவர்கள் ஏன் இப்படி வருகிறார்கள்?’ என்ற பேச்சு தொலைக்காட்சியில் மட்டுமல்ல, எமது சாப்பாட்டு மேசைகளிலும் இருந்தது. தன் அப்பப்பா எப்படி வந்தார் என்று அறிந்த பிள்ளை அந்தக் கேள்வியை அப்படிக் கேட்காது. இன்று பள்ளிக்கூடத்தில் பக்கத்து மேசையில் இருக்கிற சிரியப் பிள்ளையையும் ஆப்கான் பிள்ளையையும் வேறு கண்ணோடு பார்க்கும்.

வேதத்தில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி யாக்கோபு. அண்ணனுக்குப் பயந்து ஓடி, கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்து, இருபது வருடம் மாமன் வீட்டில் வேலை செய்து, பஞ்சத்தில் எகிப்துக்குப் போய்ச் சேர்ந்த மனிதர். ஆதியாகமம் 48ஆம் அதிகாரத்தில் அவர் நோயாகக் கிடக்கிறார். யோசேப்பு தன் இரண்டு மகன்மாரையும் கூட்டிக்கொண்டு வருகிறார். பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கும் முன், யாக்கோபு தன்னைத் திடப்படுத்திக்கொண்டு கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, கதை சொல்லுகிறார். லூஸில் தேவன் தனக்குத் தரிசனமானதைச் சொல்லுகிறார். வழியிலே ராகேல் இறந்ததையும், எப்பிராத்தா ஊருக்குப் போகும் பாதையில் அவளை அடக்கம் செய்ததையும் சொல்லுகிறார். எகிப்தில் பிறந்து வளர்ந்த எப்பிராயீமும் மனாசேயும் தாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை, வெற்றியும் துக்கமும் சேர்ந்த கதையாகவே கேட்டார்கள். அவர்களை அந்தக் கட்டிலண்டை கூட்டிக்கொண்டு போனவர் யோசேப்பு. இன்றைய பெற்றோருக்கும் அந்த வேலை இருக்கிறது.

ஆகவே எமது வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு யோசனை. இந்தக் கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் மூன்று தடவை போவோம். சொந்த அப்பப்பாவோ அம்மப்பாவோ இல்லாதவர்கள், பிள்ளைகள் தூரத்தில் இருக்கிற ஒருவரைச் சபையில் தேர்ந்தெடுக்கட்டும். நான்கு பக்கம் எழுதினால் போதும். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று குடும்பத்துக்கு. அவர் சம்மதித்தால், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் தாதியிடம் கொடுக்க அதிலிருந்து ஒரு பக்கச் சுருக்கமும் எடுத்து வைப்போம். அந்த ஒரு பக்கத்தை நாங்கள் கட்டாயம் வாசிப்போம்.

பிறகு ஒரு நாள் நினைவுரை வாசிக்க வேண்டி வரும். அன்றைக்கு 1984க்கும் 1987க்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை, அவர் சொன்ன சொற்களிலேயே எமது பிள்ளைகள் கேட்கட்டும்.