ஸ்பேர் கிடைக்காதா?

குற்றாலத்தில் தண்ணீர் விழாத சித்திரையில் எங்க அப்பாவின் பழைய ஆயில் இன்ஜின் நின்றுவிட்டது. "இதுக்கு ஸ்பேர் வராது, எடைக்குப் போடுங்க" என்றார் தென்காசியில் ஒரு கடைக்காரர். பள்ளிக்கூடம் போகாத அப்பா என்னைப் பார்த்து, "ஏல, நீ இதத்தான படிக்க?" என்றார். சுருக்கென்றது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், நேச நாட்டுப் படையினர் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பறக்க முடியாதபடி சேதப்படுத்தி, கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள். 1948 முதல் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, 40-க்கும் மேற்பட்டவற்றைப் பறக்க வைத்தார்கள். நாலு இன்ஜின் விமானம், சும்மாவா! 1968 வரை நம் விமானப்படையில் இருந்தன. ஆனால் 2018-ல் வந்த பழைய டகோட்டா 'பரசுராமா' இங்கிலாந்தில் பழுது பார்த்துத்தான் வந்தது. விமானத்துக்கு உலோகச் சான்று, சோதனை எல்லாம் வேண்டும்தான். இருந்தாலும் மனசு ஆறவில்லை.

நம்மில் பலர் இறுதியாண்டு புராஜெக்டையே காசு கொடுத்து வாங்குகிறோம். ஓடாத மெஷின் ஒன்றை ஓட வைப்பதுதான் புராஜெக்ட் என்று ஆக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்பாவின் இன்ஜின் புஷ்ஷை அளந்து, டிராயிங் போட்டு, லேத்தில் நானே கடைந்தேன். இரண்டு வீணாய்ப் போயிற்று. மூன்றாவது பொருந்தியது. வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது.