ஜகன்மோகினியின் முதலாளி

வை. மு. கோதைநாயகி அம்மாளைக் குறித்து நான் படித்த ஆய்வேடுகளில் முதல் இயல் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது. 1901இல் பிறந்தார், ஐந்தரை வயதில் மணமானார், பள்ளிப் படிப்பு இல்லை, 115 நாவல்கள் எழுதினார், விடுதலைப் போரில் சிறை சென்றார், இசை வல்லவர், 1960இல் மறைந்தார். அதன்பின் 'நாவல்களில் விதவை மறுமணம்', 'நாவல்களில் தேசியம்' என்று இயல்கள் வரிசைகட்டி நிற்கும். அறிமுகத்தின் நடுவில் 'ஜகன்மோகினி இதழின் ஆசிரியர்' என்றொரு தொடர் வந்து போகும். என் கருத்து வேறுபாடு அந்தத் தொடரோடுதான்.

ஆசிரியர் என்னும் சொல் எழுதியவரையும் இதழை நடத்தியவரையும் ஒரே போர்வையில் மூடிவிடுகிறது. கோதைநாயகி ஜகன்மோகினியில் எழுதியவர் மட்டுமல்லர். நின்றுபோயிருந்த அந்த இதழை 1925இல் விலைக்கு வாங்கி, தம் வாழ்நாளின் இறுதிவரை, ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்திய உரிமையாளர். பின்னாளில் சொந்த அச்சகமும் அவரிடம் இருந்தது. தாள் வாங்குதல், கூலி கொடுத்தல், சந்தா திரட்டுதல், அஞ்சலில் சேர்த்தல், வராத பணத்துக்குக் கடிதம் எழுதுதல் ஆகிய வேலைகள் இல்லாமல் எந்த மாத இதழும் 35 ஆண்டுகள் வெளிவராது. நாம் அவரை நாவலாசிரியராகப் படிக்கிறோம், தேசத் தொண்டராகப் போற்றுகிறோம். தொழில் நடத்திய பெண்ணாக மட்டும் படிப்பதே இல்லை.

ஒரு ஒப்பீடு இதைத் தெளிவாக்கும். விளம்பர முகவராக இருந்த எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்கியது 1928இல். அதாவது கோதைநாயகி ஜகன்மோகினியை வாங்கி மூன்று ஆண்டுகள் கழித்து. வாசனைப் பற்றி எழுதுபவர்கள் அனைவரும் அவருடைய வணிகக் கூர்மையை முதலில் எழுதுகிறார்கள். குறுக்கெழுத்துப் போட்டியால் விற்பனையைப் பெருக்கியதும் இதழிலிருந்து திரைத்துறைக்குத் தாவியதும் அவருடைய பெருமைகளாகவே பதிவாகியுள்ளன. அதே நகரில், அதே பத்தாண்டில், அதே போன்ற ஒரு கொள்முதலைச் செய்த பெண்ணின் செயலுக்கு நம் நூல்கள் கொடுக்கும் பெயர் 'தொண்டு'. ஆண் செய்தால் முதலீடு, பெண் செய்தால் சேவை! இவ்வேறுபாடு அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து வந்ததா, நம் சொற்பழக்கத்திலிருந்து வந்ததா என்பதை ஆய்வாளர்கள் கேட்டாக வேண்டும்.

அவருடைய தொடக்கம் யாவரும் அறிந்தது; ஆயினும் அதைத் தொழிலின் கண்கொண்டு பார்த்தோர் குறைவு. திருவல்லிக்கேணியில் வை. மு. பார்த்தசாரதியின் மனைவியாக வந்த சிறுமிக்கு எழுதத் தெரியாது. கதை சொல்லத் தெரியும். கணவர் அழைத்துச் சென்று காட்டிய நாடகங்கள் அவருக்குப் பள்ளியாயின. தம் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் அது நூலாயிற்று. அதன் பின்னரே அவர் எழுத்தைப் பயின்றார். முதல் நாவல் 'வைதேகி'. அந்நாளில் துப்பறியும் நாவல்களால் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கம் இக்கட்டத்தில் அவருக்குக் கிடைத்தது. நாவலை வெளியிட இதழ் தேவை; பிறர் இதழில் இடம் கேட்டு நிற்பதைவிட இதழையே வாங்கிவிடலாம். முதல் நூல் வந்த மறு ஆண்டே, 24 வயது நிறையாத, எழுத்தையே அப்போதுதான் கற்ற ஒரு பெண் எடுத்த முடிவு இது. இம்முடிவை நாம் ஒரு வரியில் கடந்து செல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

அக்கால மாத இதழின் பொருளியல் எளியது, ஆனால் இரக்கமற்றது. ஆண்டுச் சந்தா முன்பணமாக வர வேண்டும். அது வந்தால்தான் தாள் வாங்க முடியும். வாசகரைப் பன்னிரண்டு மாதங்கள் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டும். தொடர்கதையே அந்தக் கயிறு. தொடர் முடிந்ததும் அது நூலாகும், வி.பி.பி. அஞ்சலில் வாசகர் வீட்டுக்கே போகும். புத்தகக் கடைக்குச் செல்ல முடியாத பெண்களுக்கு அந்த அஞ்சல்காரரே கடை. ஒரே உழைப்பு இருமுறை வருவாய் தரும் முறை இது. கோதைநாயகி இத்தனை நாவல்களை ஏன் எழுதினார் என்று கேட்பவர்கள் 'கற்பனை வளம்' என்று விடை சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். இதழின் முதன்மைச் சரக்கு அவருடைய நாவல்தான். சரக்கு இல்லாத மாதம் கடை மூடும் மாதம். 115 என்ற எண்ணிக்கைக்குள் இந்த நெருக்கடியும் இருக்கிறது. அவருடைய நாவல்களின் நீளம், திருப்பங்களின் இடம், இயல் முடிவில் வைக்கப்படும் முடிச்சு ஆகியவற்றை நடையியலாக மட்டும் ஆராய்வது பாதி ஆராய்ச்சியே.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அந்த வருவாய் சட்டப்படி யாருடையது? மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுடைய தனிச் சொத்து என்று 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் அறிவித்தது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களுக்கு அது பொருந்தாது என்று அச்சட்டமே விலக்கு அளித்திருந்தது. நீதிமன்றங்கள் ஏற்றிருந்த சாத்திர விளக்கத்தின்படி, இந்துப் பெண் மணவாழ்வின்போது தன் கைத்திறனால் ஈட்டிய பொருளின்மீது கணவன் உயிரோடிருக்கும்வரை அவனுக்கு அதிகாரம் இருந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வந்த பிறகே பெண்ணின் சொத்து முழுமையாக அவளுடையதாயிற்று. ஜகன்மோகினியின் ஆயுளில் பெரும்பகுதி அதற்கு முற்பட்டது. 'உரிமையாளர்' என்ற சொல்லை அவருக்கு வழங்கும்போதே, அச்சொல் அன்று ஒரு பெண்ணின் வாயில் எவ்வளவு நொய்ந்தது என்பதையும் நாம் சேர்த்து எண்ண வேண்டும்.

தொழில்முகம் மறைந்ததற்கு நம் விமர்சன மரபும் ஒரு காரணம். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூரார், கோதைநாயகி ஆகியோரை ஒரே மூட்டையாகக் கட்டி 'வணிக எழுத்து' என்று ஒதுக்கிவிட்டோம். வணிகம் என்பது அங்கே வசைச்சொல். அவரை மீட்டெடுக்க வந்த பெண்ணிய ஆய்வாளர்களும் அந்த வசையைக் கழுவ முயன்றார்களே தவிர, வணிகத்தைத் திறந்து பார்க்கவில்லை. விளைவாக, 1933இல் தொடங்கி ஆறே ஆண்டுகளில் பணமின்றி நின்ற மணிக்கொடிக்கு நம் பாடத்திட்டத்தில் ஓர் அலகு உண்டு. 35 ஆண்டுகள் வந்த ஜகன்மோகினிக்கு ஒரு பத்தி. மணிக்கொடியின் இலக்கியப் பெறுமதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. புதுமைப்பித்தனோடு கோதைநாயகியை ஒரே தட்டில் வைக்கும் எண்ணமும் எனக்கில்லை. அவருடைய நாவல்களில் பலவற்றை இன்று பொறுமையோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஓர் இதழ் எப்படி நீடிக்கிறது என்ற கேள்விக்கு மணிக்கொடியிடம் விடை இல்லை.

பிற நாட்டார் இத்தகைய பெண்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கையில், பின்லாந்தின் ஹெல்லா வுவோலியோகி என் நினைவுக்கு வருகிறார். 1886இல் எஸ்தோனியாவில் பிறந்து, 1904இல் படிப்புக்காக ஹெல்சிங்கிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடிபெயர்ந்தவர் அவர். மர வணிகத்தில் பொருள் ஈட்டினார், மார்லெபாக் என்னும் பண்ணையை வாங்கினார், பிறகு தமக்குத் தாய்மொழியல்லாத பின்னிய மொழியில் நாடகங்கள் எழுதிப் புகழ்பெற்றார். 1940இல் நாடு கடந்து அலைந்த பெர்டோல்ட் பிரெக்ட்டுக்கு அந்தப் பண்ணையில்தான் இடம் கிடைத்தது. 'புன்டிலா' நாடகம் அங்கே, அவருடைய கதைகளிலிருந்து உருவாயிற்று. போர்க்காலத்தில் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் சிறையிலிருந்த அவரே, போருக்குப்பின் நாட்டின் வானொலிக்குத் தலைமை ஏற்றார். இவரைப் பற்றிய எந்த வரலாற்றிலும் மர வணிகமும் பண்ணையும் அடிக்குறிப்புக்குத் தள்ளப்படுவதில்லை. பண்ணை இல்லையேல் பிரெக்ட் வந்து தங்கிய கதை ஏது? சிறை சென்றதில் இருவரும் ஒத்தவர்கள். பதிவு செய்யப்பட்ட விதத்தில் எவ்வளவு தொலைவு!

இனி மறுப்புகள். கோதைநாயகியின் தொழிலைப் பேசினால் அவருடைய குலப் பின்னணியையும் பேச வேண்டும் என்பார்கள், பேசத்தான் வேண்டும். கல்விச் செல்வம் நிறைந்த திருவல்லிக்கேணி வைணவக் குடும்பம், உடன்நின்ற கணவர், கைக்கெட்டும் தூரத்தில் அச்சகங்கள் என்ற வாய்ப்புகள் அதே ஆண்டில் வாழ்ந்த வேறு சாதிப் பெண்ணுக்கு இல்லை. கணவரின் உழைப்பும் இதழில் கலந்திருந்தது. ஆனால் கணவர் துணைநின்றார் என்பதைச் சொல்லிப் பெண்ணின் தொழிலைத் தள்ளுபடி செய்பவர்கள், தம்பியும் மைத்துனரும் துணைநின்ற ஆண் முதலாளிகளிடம் அதே கணக்கைக் கேட்பதில்லை. அவர் சந்தித்த ஏச்சையும் இத்தராசில் வைக்க வேண்டும். குடும்பப் பெண்களைக் கதை எழுதிக் கெடுக்கிறார் என்று ஊரார் தூற்றியது எழுத்துக்காக மட்டுமன்று; வீட்டுக்குள் இருக்க வேண்டிய பெயர் இதழின் அட்டையில் விலையோடு அச்சேறி வந்ததற்காகவும்தான் என்று நான் கருதுகிறேன்.

அவருடைய அரசியல் வாழ்வும் இத்தொழிலிலிருந்து தனியாக நிற்பதன்று. காந்தியைக் கண்டபின் பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தினார். 1930களின் தொடக்கத்தில் மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையிலும் நாவல் எழுதினார். இதைப் பற்றுக்குச் சான்றாகவே காட்டுகிறோம். மாதந்தோறும் சரக்கை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு நிறுவனம் வெளியே இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், அந்தச் சிறை நாவலின் பொருள் சற்று விரியும். உரிமையாளர் சிறையில் இருக்கும்போது சந்தாதாரருக்கு என்ன பதில் சொல்வது? இரண்டாம் உலகப்போரின் காகிதக் கட்டுப்பாடு தமிழகத்தின் எல்லா இதழ்களையும் நெரித்தது. ஜகன்மோகினி அதையும் தாண்டிற்று. ஒரே மகன் சீனிவாசன் 1956இல் மறைந்த துயரை மட்டும் அதன் உரிமையாளரால் தாண்ட முடியவில்லை. உடல் தளர்ந்து, நோயுற்று, 1960 பிப்ரவரி 20இல் தாம்பரம் மருத்துவமனையில் இறந்தார். வாசன் விட்டுச்சென்ற விகடன் இன்றும் இருக்கிறது; ஜகன்மோகினி அவரோடு முடிந்தது. 1966இல் அவருடைய 'தயாநிதி' நாவல் 'சித்தி' என்ற பெயரில் படமாகி வெற்றிபெற்றபோது அவரும் இல்லை, இதழும் இல்லை.

பாலக்காட்டு எல்லையிலுள்ள கோபாலபுரத்திலிருந்து இதை எழுதுகிறேன். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் தமிழ் படிக்கும் மாணவர்கள் ஆய்வுத் தலைப்புக் கேட்டு வரும்போது, கோதைநாயகியின் பெயரைச் சொன்னால் 'அவரைத்தான் எல்லோரும் செய்துவிட்டார்களே' என்கிறார்கள். நாவல்களைச் செய்துவிட்டார்கள். இதழைச் செய்யவில்லை. அதற்குத் தடையும் உண்டு. பழைய இதழ்களைக் கட்டடம் செய்யும்போது மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்தெறிவது நூலகங்களின் வழக்கமாக இருந்தது. சந்தா விவரம், முகவர் பட்டியல், விளம்பரம் யாவும் அத்தாள்களில்தான் இருந்தன. கதையைக் காப்பாற்றிக் கணக்கைக் குப்பையில் போட்ட நூலகர்களும் நம்மைப் போலத்தான் நினைத்திருக்கிறார்கள்.

ஆயினும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டத்தின்படி, மாகாணத்தில் அச்சான நூல்களின் பட்டியலை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அரசு வெளியிட்டது. ஆசிரியர் பெயரோடு நின்றுவிடாத பட்டியல் அது. அச்சிட்டவர் யார், எத்தனையாம் பதிப்பு, எத்தனை படிகள், விலை என்ன என்பவற்றோடு, பதிப்புரிமை உடையவரின் பெயரும் முகவரியும் தனிப் பத்தியில் கேட்கப்பட்டன. அப்பட்டியல்களைத் தேட வேண்டிய முதல் இடம் எழும்பூர் ஆவணக் காப்பகம். பாலக்காட்டிலிருந்து ஓர் இரவுப் பயணம். தலைப்புத் தேடும் மாணவர் யாரேனும் 1924 முதல் சில ஆண்டுகளின் பட்டியல்களை எடுத்து, 'இந்திர மோகனா', 'வைதேகி', அதன்பின் வந்தவை என்று வரிசையாகப் பார்த்து, அந்தக் கடைசிப் பத்தியில் இருப்பது மனைவியின் பெயரா கணவரின் பெயரா, எந்த ஆண்டில் ஒன்று மற்றொன்றாக மாறியது என்று குறித்துக்கொண்டு வந்தால், ஆய்வேட்டின் முதல் இயலை வேறு விதமாகத் தொடங்கலாம்.