ஒலுவில் பல்கலைக்கழகம் யாருக்காக?

1990களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் கற்ற முஸ்லிம் மாணவர்கள் யுத்தச் சூழலால் படிப்பைத் தொடர முடியாமல் தவித்தனர். அந்தத் தவிப்புக்கான பதிலாகவே, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. 1996 இல் அது முழுமையான பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது.

இன்று ஒலுவில் வளாகத்தில் இஸ்லாமிய கற்கைகள் முதல் பொறியியல் வரை கற்பிக்கப்படுகின்றன. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்குகிறது. சிங்கள, தமிழ் மாணவர்களும் இங்கே இலவசக் கல்வி பெறுகின்றனர். ஆனாலும் இதனை 'முஸ்லிம் பல்கலைக்கழகம்' என்று சுருக்கிப் பார்ப்போர் நம் மத்தியிலும் உள்ளனர்.

கதவடைக்கப்பட்டவர்களுக்காகப் பிறந்த நிறுவனம் எவரையும் அந்நியராக உணரச் செய்யக் கூடாது. அதேவேளை, பிறந்த மண்ணையும் அது மறந்துவிடக் கூடாது. துறைமுகம் கட்டப்பட்ட பின் ஒலுவில் கரையைக் கடல் அரித்து வருகிறது. மீனவர்கள் வாடியையும், விவசாயிகள் காணியையும் இழக்கின்றனர். வளாகத்துக்கு அருகிலேயே நிகழும் இந்த இழப்புக்குத் தீர்வு தேடும் ஆய்வுகளை இங்கிருந்தே எதிர்பார்க்கிறோம். பட்டங்களின் எண்ணிக்கையை விட, அயலவருக்குக் கிடைக்கும் பயனே ஒரு பிராந்தியப் பல்கலைக்கழகத்தின் உண்மையான அளவுகோல்.