சிப் வந்தால் கம்ப்யூட்டர் வந்துவிடாது

'இந்தியாவில் செய்த சிப்' என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும் வடசென்னையில் எங்கள் மாத்தூர் வாட்ஸ்அப் குழுக்களில் கொண்டாட்டம்தான். தேசியக் கொடி, கைதட்டும் பொம்மை, கூடவே ஒரு வரி: "சிப்பே வந்துடுச்சு, இனி நம்ம கம்ப்யூட்டர் வர எவ்வளவு நேரம்?" கொண்டாட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கேள்வியோடுதான் சண்டை. சிப்பைச் செய்வதுதான் கஷ்டம், மீதியெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது, லினக்ஸ் எதிலும் ஓடும், இறக்கிப் போட்டால் வேலை முடிந்தது என்று படித்தவர்கள் நம்புகிறார்கள், பாடம் நடத்துகிறவர்கள் நம்புகிறார்கள், டெண்டர் எழுதுகிறவர்களும் நம்புகிறார்கள். பணத்தையும் ஆளையும் தப்பான இடத்தில் கொண்டுபோய்க் கொட்டவைக்கிற நம்பிக்கை இது.

லினக்ஸ் எதில் வேண்டுமானாலும் ஓடிவிடாது. இந்த பிராசசருக்கு, இந்த போர்டுக்கு என்று யாரோ உட்கார்ந்து கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, அமைத்துக் கொடுத்திருந்தால் மட்டுமே ஓடும்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேட அதிக தூரம் போக வேண்டாம். வீட்டு மேஜைமேல் இருக்கும் பெட்டியிலிருந்து வந்தது. 1981இல் ஐபிஎம் பிசி வந்தது. அதை அச்சு அசலாகக் காப்பியடித்து ஏகப்பட்ட கம்பெனிகள் பெட்டி செய்தன. கீபோர்டு எங்கே, டிஸ்க் எங்கே, திரை எங்கே என்பதற்கெல்லாம் ஊரறிந்த விலாசம் ஏற்பட்டது. பிற்பாடு வந்த ஏசிபிஐ ஏற்பாடு, போர்டில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலையே கெர்னல் கையில் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த பெட்டியிலும் பிராண்டட் லேப்டாப்பிலும் ஒரே பென்டிரைவ் வேலை செய்கிறது. அது லினக்ஸின் மாயம் அல்ல. இன்டெல், ஏஎம்டி வகைப் பெட்டிகள் நாற்பது வருஷமாகக் கட்டிக்காத்த ஒழுங்கு. அங்கேயும் அது நிரந்தரம் கிடையாது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் தொகுப்பு, பழைய 32 பிட் பிசிக்களுக்குக் கெர்னல் தருவதையே நிறுத்திவிட்டது.

பெட்டியை விட்டு வெளியே வந்தால் கதை வேறு. மாத்தூரைச் சுற்றி மணலி சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருக்கின்றன. வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கப்பால் காட்டுப்பள்ளி. இந்த வட்டாரத்தின் கேட்டுகளிலும் எடைமேடைகளிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் உள்ளங்கை அளவு போர்டுகள் வேலை பார்க்கின்றன. பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஆர்ம் வகை பிராசசர். அதில் ஏதோ ஒரு காலத்து லினக்ஸ். டிரெய்லர் ஏறி நிற்கிறது, எடை விழுகிறது, சீட்டு வருகிறது. அந்த போர்டை யாரும் நினைப்பதில்லை.

ஒரு நாள் அதன் மெமரி கார்டு போய்விடுகிறது. இங்கே ஒரு எடைமேடையில் நடந்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். விற்றவர் போனை எடுக்கவில்லை. மேனேஜர் தெரிந்த பையனைக் கூப்பிட்டு, "லினக்ஸ்தானே, நெட்ல இருந்து எறக்கிப் போட்டு விடு தம்பி" என்றார். பையன் கெட்டிக்காரன். ஆர்ம் என்று போட்டிருந்த ஒரு லினக்ஸை இறக்கினான், கார்டில் எழுதினான், போர்டில் செருகினான். திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டின் ஓரத்தில் இருந்த மூன்று ஊசிகளில் சீரியல் வயரை மாட்டி, 115200 வேகத்தில் லேப்டாப்பில் பார்த்தான். கெர்னலை ஏற்றும் யு-பூட் நிரல் பேசியது: மெமரி இவ்வளவு, கார்டு இருக்கிறது, கெர்னலை ஏற்றிவிட்டேன். கடைசி வரி 'ஸ்டார்ட்டிங் கெர்னல்', பக்கத்தில் மூன்று புள்ளி. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அந்த மூன்று புள்ளிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாததால் முதலில் பவர் சப்ளையைச் சந்தேகித்தார்கள், பிறகு கார்டை, கடைசியில் போர்டையே. புது போர்டு வாங்க முடிவானது. எனக்கு என்னவோ கெர்னல் உள்ளே உயிரோடு ஓடிக்கொண்டிருந்திருக்கலாம் என்றே படுகிறது. அந்த போர்டில் சீரியல் போர்ட் எந்த விலாசத்தில் இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. பேச வாய் இல்லாமல் நின்றிருக்கும். ஆர்ம் சிப்புகளில் பிசிக்கு உள்ளதுபோல் ஊரறிந்த விலாசம் கிடையாது. மெமரி எங்கே தொடங்குகிறது, கார்டு ரீடர் எங்கே, எந்தக் கடிகாரம் எதை ஓட்டுகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சிப்புக்குச் சிப் வேறு. இவற்றையெல்லாம் எழுதிவைத்த கோப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். அது இல்லாமல் கெர்னலைக் கிளப்புவது, எந்த அடுக்கில் எந்தக் கன்டெய்னர் என்ற தாள் இல்லாமல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதற்குச் சமம்.

இந்தக் குழப்பம் நம் ஊர்ப் பையன்களுடையது மட்டுமல்ல. ஒவ்வொரு ஆர்ம் போர்டுக்கும் தனித்தனியாக விவரங்களைக் கெர்னலுக்குள்ளேயே எழுதித் திணித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வெடித்தார். அதற்குப் பிறகுதான் ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீக்கு மெல்ல மாறியது. வெவ்வேறு கம்பெனிகளின் ஆர்ம் சிப்புகளில் ஒரே கெர்னல் கிளம்பும் ஏற்பாடு 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில்தான் தொடங்கியது. அப்போதுகூட போர்டுக்கான டிவைஸ் ட்ரீயை யாராவது எழுதியே ஆக வேண்டும்.

'கெர்னல் கம்பைல் செய்த அனுபவம்' என்று ரெஸ்யூமேயில் எழுதுகிற பிள்ளைகள் நிறையப் பேர். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், தயாராக இருக்கும் டெஃப்கான்ஃபிக் அமைப்பைக் கொடுத்து மேக் அடித்தோம் என்பார்கள். அது கம்பைல், அமைப்பது வேறு. அதற்கான மெனுகான்ஃபிக் திறந்தால் நீலத் திரையில் சாம்பல் பெட்டி, அதற்குள் அடுக்கடுக்காகக் கேள்விகள். எல்லா பிராசசர் கட்டமைப்புகளுக்கும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கட்டம்: நட்சத்திரம் போட்டால் கெர்னலுக்குள்ளேயே சேரும், 'எம்' போட்டால் தனி மாட்யூல், காலியாக விட்டால் கிடையாது. கார்டு ரீடரின் டிரைவருக்கு 'எம்' போட்டுவிட்டு, தொடக்கத்தில் மெமரியில் ஏற்றும் சிறு கோப்புமுறையையும் தராமல் விட்டால், கார்டைப் படிக்கத் தெரிந்த டிரைவர் அந்தக் கார்டுக்குள்ளேயே பூட்டிக்கிடக்கும். கெர்னல் கிளம்பும், ரூட் கோப்புமுறையைக் காணோம் என்று அலறி நின்றுவிடும். இதற்கெல்லாம் முந்தி, எந்தக் கட்டமைப்புக்கு என்று ஆர்ச் மாறியில் சொல்ல வேண்டும். ஒரு கட்டளையில் சொல்லி அடுத்ததில் மறந்தால், அது லேப்டாப்பின் இன்டெல் பிராசசருக்காக என்று எடுத்துக்கொண்டு, செய்த அமைப்பையே மாற்றி எழுதிவிடும்.

இனி நம்முடைய சிப்புக்கு வருவோம். சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர், பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவானது. அதன் கட்டமைப்பு ரிஸ்க்-ஃபைவ். 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது, யாரும் உரிமத் தொகை கட்டாமல் பயன்படுத்தலாம். 2018இல் சக்தியின் ஒரு சிப் அமெரிக்காவின் ஆரிகனில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் செய்யப்பட்டு வந்தது. அதே வருஷம் இன்னொன்று சண்டிகரை ஒட்டிய மொகாலியின் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில். செய்திகள் எந்த ஆலை, எத்தனை நானோமீட்டர் என்பதிலேயே நின்றன. ஆரிகனில் செய்த சிப்பில் லினக்ஸ் ஓடியது என்பது போகிற போக்கில் ஒரு வரி. என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிதான் செய்தி.

ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு லினக்ஸ் கெர்னலுக்குள் நுழைந்ததே 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில்தான். அந்தப் பதிப்பிலும் அடித்தளம் மட்டுமே இருந்தது. தேவையான டிரைவர்கள் பின்னால் வந்தன. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு புது சிப்பில் லினக்ஸைக் கிளப்புவது லேசான வேலை அல்ல. ரிஸ்க்-ஃபைவ் என்பது ஒரே கட்டளைத் தொகுதியும் அல்ல. அடிப்படைக் கட்டளைகளுக்கு மேல் பெருக்கல் வகுத்தலுக்கு ஒன்று, தசம எண் கணக்குக்கு ஒன்று, சுருக்கக் கட்டளைகளுக்கு ஒன்று என்று நீட்டிப்புகள். எதை வைப்பது, எதை விடுவது என்பது சிப் வடிவமைப்பவர் இஷ்டம். கெர்னலை அமைப்பவர் அதை அப்படியே பின்பற்ற வேண்டும். சுருக்கக் கட்டளைகள் இல்லாத சிப்பில், அவை உண்டு என்று வழக்கமான அமைப்பிலேயே செய்த கெர்னலைப் போட்டால், தெரியாத கட்டளையில் முட்டி நின்றுவிடும். சீரியல் போர்ட் விழிக்கும் முன்பே நின்றுவிடுவதால் ஒரு எழுத்துகூட வராது. டிவைஸ் ட்ரீயில் நேரக் கடிகாரத்தின் அதிர்வெண்ணைத் தப்பாக எழுதினால் கெர்னல் நன்றாகவே கிளம்பும், ஆனால் அதன் ஒரு விநாடி நம்முடைய ஒரு விநாடியாக இருக்காது. எடைமேடையில் சீட்டின் நேரம் தப்பினால் என்ன ஆகும் என்று லாரிக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. சக்தி என்பது ஒரு பிராசசர் அல்ல, ஒரு குடும்பம். அதில் 64 பிட் சி வகுப்பு லினக்ஸ் ஓட்டும். சிறு கருவிகளுக்கான ஈ வகுப்பு, ஃப்ரீஆர்டிஓஎஸ், ஜெஃபைர் போன்ற சின்ன இயங்குதளங்களுக்கானது. 'சக்தி சிப்பில் லினக்ஸ் ஓடும்' என்று பொதுவாகச் சொல்வதே பாதி தப்பு.

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும்: லினக்ஸ் உலகத்தின் பொதுச்சொத்து, ஒருமுறை உள்ளே சேர்த்துவிட்டால் உலகம் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளாது. சக்தியில் லினக்ஸ் ஓடிய அதே 2018இல், ஜூன் மாதம் வந்த 4.17 பதிப்பிலிருந்து எட்டு பிராசசர் கட்டமைப்புகளை ஒரே மூச்சில் நீக்கினார்கள். பராமரிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சீனாவின் யூனிகோர். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் பிறந்த சொந்த பிராசசர். 2011இல் பெருமையோடு கெர்னலில் சேர்ந்தது. 2020இல் கவனிப்பாரற்று வெளியே போனது. பல்கலைக்கழகம், சொந்தச் சிப், தேசப் பெருமை எல்லாம் இருந்தன. கெர்னலைத் தினமும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இன்டெலும் ஹெச்பியும் சேர்ந்து செய்த இட்டானியத்துக்கும் இதே கதி: 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் அது இல்லை. அதே சீனாவில் லூங்சன் கம்பெனி பாடம் கற்றுக்கொண்டது. தன் புதிய கட்டமைப்புக்கு முழுநேர ஆட்களை வைத்து வேலை வாங்கி, 2022இல் கெர்னலுக்குள் கொண்டுவந்து, இன்றுவரை காத்துவருகிறது.

சக்தி குழு ரிஸ்க்-ஃபைவைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம் என்பதை மறுக்க மாட்டேன். கட்டமைப்பின் பொதுப் பகுதியை உலகமே சேர்ந்து சுமக்கிறது, யூனிகோரின் கதி அதற்கு வராது. ஆனால் சிப்பைச் சுற்றியுள்ள சீரியல் போர்ட், குறுக்கீட்டுப் பகுதி, கார்டு ரீடர், பவர் மேலாண்மை எல்லாம் நம்முடையவை. அவற்றுக்கான டிரைவரை பெர்க்லி எழுதித் தராது. பொதுப் பகுதியும் நமக்காகக் காத்திருக்காது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 லினக்ஸ் தொகுப்பு, ரிஸ்க்-ஃபைவ் பிராசசர்களுக்கு ஆர்விஏ23 என்ற புதிய தகுதியைக் கட்டாயமாக்கியது. அன்றைக்குச் சந்தையில் இருந்த போர்டுகளில் ஏறக்குறைய எல்லாமே வரிசைக்கு வெளியே நின்றன.

2021 டிசம்பரில் மத்திய அரசு செமிகண்டக்டர் திட்டத்துக்கு 76,000 கோடி ரூபாய் அறிவித்தது. சிப் ஆலை, டிஸ்ப்ளே ஆலை, பேக்கேஜிங், டிசைன் என்று தலைப்புகள். கெர்னல் பராமரிப்பு என்று ஒரு தலைப்பு அதில் கிடையாது. ஆலைக்குக் கொட்டுகிற பணம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆலையிலிருந்து வெளிவரும் சிப் பத்து வருஷம் ஓட வேண்டுமானால், பத்து வருஷமும் சம்பளம் கொடுத்துச் சிலரை உட்காரவைக்க வேண்டும். அவர்கள் செய்வது ரிப்பன் வெட்டும் வேலை அல்ல, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. சிப் வடிவமைப்புக்குப் புதுப் படிப்பு தொடங்கும் கல்லூரிகளும் கையில் ஒரு போர்டையும் மூன்று வயரையும் கொடுத்து, 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' வரிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று மாணவரைத் தேடவைக்கட்டும்.

அரசும் கல்லூரியும் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். மணலியிலும் எண்ணூரிலும் போர்டு வாங்குகிற முதலாளிகள், மேனேஜர்களுக்கு ஒரு வேண்டுகோள். லினக்ஸ் கெர்னலைத் தன் பொருளில் போட்டு விற்பவர் அதன் மூல நிரலையும், அதைக் கம்பைல் செய்யப் பயன்பட்ட ஸ்கிரிப்டுகளையும் கேட்டால் தந்தாக வேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் விதி. அது உங்கள் உரிமை, யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் தருவதில்லை. அடுத்த போர்டுக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போடும்போது மூல நிரல், கான்ஃபிக் கோப்பு, டிவைஸ் ட்ரீ, சீரியல் ஊசிகளின் வரைபடம், இந்த நான்கையும் அதில் எழுதிவிடுங்கள். நான்கும் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.