கணக்குக் கேட்க அனுமதி எதற்கு?

உத்திரமேரூர் எங்கள் திருமுக்கூடலுக்குப் பக்கம்தான். மேடை ஏறும் எல்லாக் கட்சிக்காரர்களும் அங்குள்ள குடவோலைக் கல்வெட்டைப் பெருமையாகச் சொல்வார்கள். அதே கல்வெட்டில் இருக்கும் இன்னொரு விதியை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவனுடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், மாமனார், மருமகன் வரைக்கும் தகுதி கிடையாது. சொந்தக்காரனைத் தண்டிப்பது நியாயமா என்று கேட்கலாம், நானும் கேட்பேன். நிலமுள்ள பிராமணர்களின் சபை அது, எங்களைப் போன்ற தறிக்காரர்களுக்கு அதில் இடமே இல்லை என்பதும் தெரியும். ஆனால் கணக்குக் கேட்க யாருடைய அனுமதியாவது வேண்டும் என்று அதில் எழுதவில்லை.

காஞ்சிபுரம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். குடியரசுத் தலைவர், ஆளுநர் மீது பதவியில் இருக்கும்வரை குற்ற வழக்கு நடத்த முடியாது என்கிற அரசியலமைப்பின் 361-ஆம் பிரிவு பலருக்குக் கோபம் தருகிறது. எனக்கு அவ்வளவாக இல்லை. அந்தப் பாதுகாப்பு பதவியோடு முடிந்துவிடும். பாபர் மசூதி வழக்கில் கல்யாண் சிங் ராஜஸ்தான் ஆளுநராக இருந்தவரை தப்பினார். 2019-ல் இறங்கியதும் லக்னோ நீதிமன்றத்தில் நின்றார். அடுத்த ஆண்டு எல்லோரோடும் விடுதலையும் ஆனார். அது வேறு கதை. அதற்காக 361-இல் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2024-ல் மேற்கு வங்க ஆளுநர் மீது ராஜ்பவன் ஊழியர் ஒருவர் பாலியல் புகார் சொன்னார். அந்த ஆளுநரின் பதவிக்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமென்றால் சாட்சியம் என்ன ஆகும்?

என்னை உறுத்துவது இன்னும் கீழே இருக்கும் பாதுகாப்பு. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அதிகாரி மீதோ அமைச்சர் மீதோ வழக்கு நடத்த மேலிடத்து அனுமதி வேண்டும். "சேங்ஷன் வரலைங்க" என்று ஒரு வரி. வாய்தா போய்க்கொண்டே இருக்கும். 1995-ல் முதல்வர் ஜெயலலிதா மீது வழக்கு நடத்த ஆளுநர் சென்னா ரெட்டி அனுமதி கொடுத்தார். குட்கா வழக்கில் முன்னாள் அமைச்சர்கள் விஜயபாஸ்கர், ரமணா மீது 2022-ல் கேட்ட அனுமதியோ, தமிழக அரசு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு 2023 நவம்பரில்தான் ஆளுநர் ரவியிடமிருந்து வந்தது. அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதைச் சொல்லவிடவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதுதான் என் புகார். ஒரே நாற்காலியின் கையெழுத்துக்காக வழக்கு காத்துக் கிடக்கிறது.

என் அப்பா கூட்டுறவுச் சங்கத்துக்குப் பட்டு நெய்தவர். பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். சேலை முடிந்ததும் அதையும் எடை போடுவார்கள். குறைந்தால் கூலியில் பிடித்தம். தராசில் வைக்கலாமா என்று அவரிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை.

பொய்ப் புகாரிலிருந்து நேர்மையான அதிகாரியைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் மீற முடியாத கெடு வேண்டும். மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னும் ஒன்று என்று 19-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மீறினால் என்ன என்று எழுதவில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 218-ஆம் பிரிவோ, 120 நாளில் பதில் இல்லையென்றால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளலாம் என்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை ஊழல் தடுப்புச் சட்டத்திலும் சேர்க்க வேண்டும். மறுப்பவர் காரணம் எழுதி மறுக்கட்டும். ஏற்கெனவே கிடக்கும் கோப்புகளுக்கும் அந்தக் கெடு பொருந்த வேண்டும். இல்லையென்றால் பழைய கட்டுகள் அலமாரியிலேயேதான் இருக்கும்.