போரில்லாமல் ஒழிந்ததா அடிமைமுறை?

அடிமைமுறை அமெரிக்கப் பருத்திக் காடுகளுக்கே உரியது, காவிரிக் கரையில் இருந்ததெல்லாம் மிராசுதாரும், அதாவது பரம்பரை நில உரிமையாளரும், அவருடைய நிலத்தில் உழைத்த பண்ணையாளும் ஒரே குடும்பம்போல் வாழ்ந்த வாழ்க்கைதான் என்றும், அப்படியே ஏதேனும் கட்டுப்பாடு இருந்திருந்தாலும் அது 1843-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இரத்தம் சிந்தாமல் மறைந்துவிட்டது என்றும் ஒரு நம்பிக்கை தஞ்சாவூர்ப் பகுதியில் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. இதன் இரண்டு பாதிகளும் பொய்.

முதல் பாதியை மறுக்க ஆவணக் காப்பகம்வரை போகவேண்டியதில்லை, பெரியபுராணமே போதும். சுந்தரரின் மணப்பந்தலுக்குள் நுழையும் முதியவர், மணமகனின் பாட்டனார் தம் வழிவந்தோரையும் சேர்த்து அடிமையாக எழுதிக்கொடுத்த ஆளோலையைச் சான்றாக வைத்துப் பேரனை உரிமை கோருகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போக, அவையினர் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து, இரண்டையும் ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவது உண்டோ என்று சுந்தரர் வாதாடுகிறாரே தவிர, மனிதனுக்கு ஓலை எழுதும் வழக்கம் உண்டோ என்று அந்த அவையில் எவரும் கேட்பதில்லை. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் காலத்துக்குச் சற்றுப் பின்னர், 1201-ஆம் ஆண்டில், பஞ்சத்தில் நொடித்த வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு கூறுகிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தின் அன்னக்கொடையை வியப்போர் (வியக்கத்தக்கதுதான்) அந்நாளைய தஞ்சை நாட்டில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் நெல்லை விளைவித்தவர்களின் நிலை என்ன என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கவேண்டும். தென்னிந்திய நெல் மாவட்டங்களில் உழவடிமைகள் விற்கப்பட்டதையும் அடகு வைக்கப்பட்டதையும் 1841-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் அறிக்கையில் பதிவுசெய்தது.

அதன் தொடர்ச்சியாக வந்த 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அடிமைமீது ஒருவர் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்ற அளவில் நின்றுகொண்டது. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரியவை ஆனது 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தால்தான். அதே ஆண்டுகளில் அமெரிக்காவில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த 11 தென் மாநிலங்களுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். இங்கே நில வரியை மிராசுதாரிடம் வாங்கவேண்டியிருந்த அரசுக்கு அவரைப் பகைத்துக்கொள்ளும் எண்ணமில்லை. மிராசுதாருக்கும் நீதிமன்றம் தேவைப்படவில்லை. பண்ணையாளின் குடிசை அவருடைய நிலத்தில் நின்றது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் அவருடைய கணக்கில் ஏறியது, ஆகவே எதிர்த்துப் பேசியவன் கூலியோடு கூரையையும் இழந்தான். போருக்குப் பிந்திய அமெரிக்கத் தெற்கிலும் விடுதலை பெற்றவர்களை நிலமின்மையும் கடனுமே மறுபடி பழைய தோட்டங்களில் கட்டிப்போட்டன.

அமைதியாக மறைந்தது என்போர் 1944-ஆம் ஆண்டு மன்னார்குடி ஒப்பந்தத்துக்கு என்ன விளக்கம் தருவார்கள்? அதற்கு முந்திய ஆண்டில் தென்பரையில் பி. சீனிவாசராவ் முதலானோர் தொடங்கிய விவசாயிகள் சங்கம் போராடிப் பெற்ற அந்த உடன்பாட்டில், பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் புகட்டுவதும், அதாவது மாட்டுச் சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றிக் குடிக்கச்செய்வதும், கைவிடப்படவேண்டும் என்று எழுதவேண்டியிருந்தது. குடும்பம்போல் வாழ்ந்தவர்களுக்கு இப்படியோர் ஒப்பந்தம் எதற்கு? அந்தச் சங்கத்தை வளர்த்த களப்பால் குப்பு 1948-இல் திருச்சிச் சிறையில் இறந்தார். வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950-இல் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1952-இல் இராஜாஜி அரசு, ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்கு, மேல் நிலம் வைத்திருந்தவர்களின் பண்ணையாட்களுக்குக் கூலியையும் வேலைப் பாதுகாப்பையும் வரையறுத்தது. மிராசுதாரர் பலர் அதற்குக் கண்ட வழி, பண்ணையாட்களை விலக்கிவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வது. பண்ணையாள் என்ற நிலை தேய்ந்தது, அவன் குடிசைக்கு அடியிலிருந்த மண் மட்டும் கைமாறவில்லை.

அந்த இடைவெளியில்தான் 1968 டிசம்பர் 25 இரவு வந்தது. கூலி உயர்வும் சங்கக் கொடியும் தொடர்பாக மிராசுதாரர்களோடு மூண்ட பகையில், கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கீழ்நீதிமன்றம் மிராசுதாரர்களைத் தண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969-இல் வந்தது. குடியிருந்தவருக்கே குடியிருப்பு மனையை உரிமையாக்கும் சட்டம் 1971-இல் இயற்றப்பட்டது.