கிராம சபைக்கு ஓர் இடம்

பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தில் நிழலுக்குப் பஞ்சமில்லை. வாலீஸ்வரர் கோயிலின் கல்மண்டபங்கள் ஒரு பக்கம், பழைய பள்ளிவாசல் ஒரு பக்கம். 17-ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷெர்கான் லோடி அதிகாரம் செலுத்திய ஊர் இது. 1751-இல் கர்நாடகப் போரின் படைகள் மோதியதும் இங்கேதான். ஆனால் இத்தனை பழமையுள்ள ஊர்களிலும், எந்தச் சாமியையும் சேராமல் எல்லோரும் உட்கார ஓர் இடம் எங்கே என்று திட்ட வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.

இந்தக் கேள்வியை எழுப்புவது கிராம சபை. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. மதச்சார்புள்ள வளாகத்தில் கூட்டக் கூடாது என்பது அரசின் அறிவுறுத்தல். அவசியமான விதி. பொதுக்குளத்தில் தண்ணீர் குடிக்க 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் போராட வேண்டியிருந்த நாட்டில், கால் வைக்கத் தயங்காத இடம் எல்லோருக்கும் வேண்டும்.

விதி இருக்கிறது, இடம்தான் இல்லை. மே 1 கூட்டத்துக்கு வெயிலில் சாமியானா கட்டுகிறார்கள். வாடகை நாற்காலிகள் முன்வரிசையிலேயே நிரம்பிவிடும். வயல்வேலை முடிந்து வரும் பெண்கள் பந்தலுக்கு வெளியே, சுவரின் ஒரு முழ நிழலில் ஒட்டி நிற்பார்கள். கையெழுத்துப் போட நோட்டு வரும். பேச ஒலிவாங்கி அந்தச் சுவர்வரை வராது.

ஊர்களுக்கு வரைபடம் போடும் நம் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். அதை விற்க முடியாத கோண மூலையில் ஒதுக்குவது நம் கைதான். பரப்பளவு சரியாக இருக்கும், ஆனால் ஒருவரும் போகமாட்டார்கள். நியூயார்க்கின் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், உட்கார வசதியுள்ள இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று 1980-இல் எழுதினார். நம் ஊர் டீக்கடை பெஞ்சும் ஆலமரத்தடி மேடையும் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் ஆண்களே உட்காருகிறார்கள். அதையும் நாம் அளந்தாக வேண்டும்.

அடுத்து ஓர் ஊராட்சிக்கு வரைபடம் போடும்போது, கிராம சபை கூடும் இடத்தை முதலில் குறியுங்கள். ரேஷன் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போகிற வழியில், மரமும் மேடையும் குடிநீரும் கழிப்பறையுமாக. பூங்காவையும் அலங்கார வளைவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.